மாநில நிதித்தொழில் உரிமங்களுக்கான அமெரிக்க இணையச் சேவை: ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் அடமானக் கடன், பணப் பரிமாற்றம் போன்ற தொழில்களுக்கு உரிமம் கோருவோர், 2008 முதல் இயங்கிவரும் என்எம்எல்எஸ் (நாடு தழுவிய பல மாநில உரிம அமைப்பு) எனும் இணைய அமைப்பில் ஒரே நிறுவனப் படிவத்தை நிரப்பிப் பல மாநிலங்களுக்கு அனுப்ப முடிவது உண்மையிலேயே பெரிய வசதி. ஆனால் உரிமம் தருவது அந்த அமைப்பு அன்று. நிதிநிலை அறிக்கை, பிணைப்பத்திரம், நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவோரின் குற்றப் பின்னணி, கடன் வரலாறு ஆகியவற்றை ஒவ்வொரு மாநில ஒழுங்குமுறை அலுவலகமும் தனித்தனியே ஆராய்ந்துதான் முடிவெடுக்கிறது. குறை கண்டால் அதை அந்த இணைய அமைப்பில் உள்ள நம் கணக்கிலேயே பதிவிடுகிறார்கள். ஒரு மாநிலம் ஏற்றுக்கொண்ட வணிகத் திட்டத்தை இன்னொன்று விளக்கம் கேட்டுத் திருப்பியபோது எரிச்சல்தான் வந்தது (கேள்வி நியாயமானது என்பதைப் பின்னரே ஒப்புக்கொண்டேன்). மாநிலத்துக்கு மாநிலம் மாறும் தேவைப் பட்டியலைப் படிக்காமல் கட்டணம் செலுத்திவிடாதீர்கள். அது பெரும்பாலும் திரும்பக் கிடைப்பதில்லை.