ஹிஸ்டரி மேட்சிங்: கைத்திருத்தமா, அட்ஜாயிண்டா, மாதிரித் தொகுதியா?

எண்ணெய் வயலின் கணினி மாதிரி, அந்த வயலில் உண்மையில் நடந்ததை ஓரளவேனும் அப்படியே காட்டும்வரை அதன் உள்ளீடுகளைத் திருத்துவதுதான் ஹிஸ்டரி மேட்சிங். கையில் இருப்பவை சில கிணறுகளில் அளந்த எண்ணெய், நீர், வாயு அளவுகளும் கிணற்றடி அழுத்தமும் மட்டுமே. தெரியாதவையோ, மாதிரியில் பாறையைப் பிரித்துவைத்த சிறு கட்டங்கள் ஒவ்வொன்றிலும் பாய்மம் எவ்வளவு எளிதில் ஊடுருவும் என்னும் ஊடுருவுதிறன், பாறையில் துளைகளின் பங்கான நுண்துளைமை, பாறைப் பிளவுகள் பாய்மத்தைக் கடக்கவிடும் அளவு எனப் பல்லாயிரம். ஆகவே ஒரே உற்பத்தி வரலாற்றுக்குப் பல மாதிரிகள் பொருந்திவிடும். வழிமுறைகளை ஒப்பிடும்போது, இந்தப் பன்மையை எந்த வழி நேர்மையாகக் கையாளுகிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

ஒப்பீட்டுக்கு ஏற்ற களம், 1997 நவம்பரில் உற்பத்தி தொடங்கிய, நார்வே கடலில் உள்ள நோர்ன் வயல். அதன் மாதிரி ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறது: 46×112×22 கட்டங்கள், அவற்றுள் செயல்படுபவை சுமார் 45,000. மேலே வாயு நிறைந்த கார்ன் அடுக்கு. கீழே எண்ணெயின் பெரும்பகுதியைக் கொண்ட இலே, டோஃப்டே அடுக்குகள். இடையில் இரண்டையும் பிரிக்கும் நாட் என்னும் களிப்பாறை.

கைத்திருத்தத்தில் பொறியாளர் முதலில் வயலின் அழுத்தத்தையும், பிறகு ஒவ்வொரு கிணற்றிலும் நீர் எட்டிப்பார்க்கும் காலத்தையும் பொருத்துகிறார். நாட் அடுக்குக்கு மேலும் கீழும் அளந்த அழுத்த வேறுபாடு மாதிரியில் வராவிட்டால், அங்கே செங்குத்துக் கடத்துதிறனை, அதாவது ஒரு கட்டத்திலிருந்து மேல் கீழ்க் கட்டங்களுக்குப் பாய்மம் செல்லும் எளிமையை, குறைக்கிறார். இது நிலவியலாளர் காரணத்தோடு ஏற்கக்கூடிய திருத்தம். ஆனால் காலக்கெடு நெருங்கும்போது கிணற்றைச் சுற்றி ஒரு பெட்டி வரைந்து, அதனுள் மட்டும் ஊடுருவுதிறனைப் பல மடங்காக்கிவிடும் பழக்கமும் இதே வழியில்தான் வளர்ந்தது. வரைகோடு பொருந்திவிடும், அந்தப் பெட்டிக்கு நிலவியலில் எந்த ஆதாரமும் இராது.

அட்ஜாயிண்ட் முறை 1970-களிலேயே இத்துறைக்கு வந்துவிட்டது. அளவுருக்களை, அதாவது திருத்த வேண்டிய அந்த உள்ளீடுகளை, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் 45,000 கட்டங்களுக்கு ஏறத்தாழ அத்தனை முறை மாதிரியை ஓட்ட வேண்டும். இம்முறையிலோ ஒரு முன்னோட்டமும், காலத்தில் பின்னோக்கிச் செல்லும் ஒரு கணக்கும் சேர்ந்து எல்லா அளவுருக்களுக்குமான வகைக்கெழுக்களை, அதாவது ஒவ்வொன்றையும் சிறிது மாற்றினால் பொருத்தம் எவ்வளவு மாறும் என்பதை, தந்துவிடும். கணித அழகில் இதற்கு ஈடு இல்லை என்பது என் கருத்து. தடை நடைமுறையில்தான்: மாதிரியை ஓட்டும் மென்பொருளான சிமுலேட்டரின் மூலநிரலுக்குள் கைவைக்க முடியாதவர்களால் இதை எழுதிச் சேர்க்க இயலாது. இன்னும் நல்ல பொருத்தம் வேறிடத்தில் இருந்தாலும், தொடங்கிய இடத்துக்கு அருகில் பிழை குறைவாக உள்ள ஒரு பள்ளத்திலேயே தேடல் நின்றுவிடும் என்பதும், கிடைப்பது கைத்திருத்தத்தைப் போலவே ஒற்றை மாதிரி என்பதும் மற்ற குறைகள்.

ஒற்றை மாதிரியை நம்புவது எவ்வளவு ஆபத்தானது என்பதை லண்டன் இம்பீரியல் கல்லூரியின் பிளவு மாதிரி என்னும் சோதனை மாதிரி காட்டியது; உண்மையான அளவுருக்கள் முன்பே தெரிந்த கற்பனை வயல் அது. பிளவின் இருபுறப் பாறைகளும் விலகிய அளவான பெயர்ச்சி, நல்ல மணற்கல்லின் ஊடுருவுதிறன், மட்டமான மணற்கல்லின் ஊடுருவுதிறன் என மூன்றே அளவுருக்கள். 2004-இல் வெளியான ஆய்வில், உற்பத்தியோடு மிக நெருங்கிப் பொருந்திய மாதிரியின் அளவுருக்கள் உண்மையிலிருந்து விலகியிருந்தன. உண்மைக்கு நெருங்கிய அளவுருக்களோ உற்பத்தியோடு நன்றாகப் பொருந்தவில்லை. மூன்று அளவுருக்களுக்கே இந்த நிலை என்பதை, ஒற்றை மாதிரியைக் கொண்டு உற்பத்தியை முன்னறிவிக்கும் எவரும் மறக்கக் கூடாது.

இதனால்தான் என் சாய்வு மாதிரித் தொகுதியின் பக்கம். 1994-இல் கெயிர் எவென்சன் கடலியலுக்காக முன்வைத்த என்செம்பிள் கால்மன் வடிகட்டி என்னும், அளவீடுகளைக் கொண்டு பல மாதிரிகளைத் திருத்தும் கணக்குமுறையிலிருந்து வளர்ந்த இவ்வழியில், நிலவியல் ஏற்கும் நூறு மாதிரிகளை ஒருசேர ஓட்டி, கணித்த அளவுகளுக்கும் அளவுருக்களுக்கும் இடையிலான தொடர்பைக் கொண்டே எல்லாவற்றையும் திருத்துகிறார்கள். சிமுலேட்டரின் உள்ளே எதையும் தொட வேண்டியதில்லை. ஆய்வாளர்கள் எமெரிக்கும் ரெனால்ட்ஸும் 2013-இல் வெளியிட்ட வடிவத்தில், அளவீட்டுப் பிழையைப் பெருக்கிவைத்துக்கொண்டு, அதே தரவைப் பலமுறை, பெரும்பாலும் நான்கு முறை, சிறிது சிறிதாகச் சேர்க்கிறார்கள்.

இதற்கும் குறை உண்டு. நூறு மாதிரிகளிலிருந்து பல்லாயிரம் கட்டங்களுக்கான தொடர்பைக் கணித்தால் போலித் தொடர்புகள் முளைக்கும்: ஒரு கிணற்றின் நீர் விகிதம், அடைபட்ட பிளவுக்கு அப்பாலுள்ள பாறையைத் திருத்தத் துணியும். திருத்தத்தின் எல்லையைக் கிணற்றைச் சுற்றி வரையறுக்காவிட்டால் தொகுதியின் பரவல், அதாவது மாதிரிகளுக்கு இடையிலான வேறுபாடு, பொய்யாகச் சுருங்கி, நூறும் ஒன்றுபோல ஆகிவிடும். ஆற்றுக்கால்வாய் மணல்களின் கூர்மையான எல்லைகளையும் இம்முறை மழுக்கிவிடுகிறது.

ஆகவே நோர்ன் போன்ற வயலில், அடுக்குகளின் பிரிவையும் பிளவுகளின் இருப்பையும் கைத்திருத்தத்தால் முதலில் தீர்மானித்து, பிளவுகளின் கடத்துதிறனை ஒரே எண்ணாகப் பூட்டாமல் வரம்பாகக் கொடுத்து, அதன்பின் தொகுதியிடம் ஒப்படைப்பதையே பரிந்துரைப்பேன். மூலநிரல் கையிலிருந்து, அளவுருக்கள் மிகுந்து, ஓட்டம் ஒவ்வொன்றும் நாள்கணக்கில் இழுக்கும் இடத்தில் மட்டும் அட்ஜாயிண்ட் முந்துகிறது. அடுத்த நீர் உட்செலுத்துக் கிணற்றைப் பிளவின் எந்தப் பக்கம் துளைப்பது என்று கேட்டால், திருத்திய நூறு மாதிரிகளும் தனித்தனியே விடை தரும். அவற்றுள் எத்தனை ஒரே பக்கத்தைக் காட்டுகின்றன என்பது முதலீட்டை முடிவு செய்வோருக்கு நேரடியாகக் கிடைக்கும்.