ஏரி பார்த்த வீடு: கண்ணாடியா, கல்லா, மரமா?

கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் இடம் வாங்குகிறவர்கள் போனில் காட்டும் படம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஏரியை ஒட்டி ஒரு சின்ன வீடு, தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, உள்ளே ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. "இதே மாதிரி சிம்பிளா இருந்தா போதும்" என்பார்கள். படம் நார்வேயில் எடுத்ததாக இருக்கும். அந்த வீட்டில் இரண்டு மூன்று அடுக்குக் கண்ணாடியும், நாள் முழுக்க ஓடும் ஹீட்டரும் இருப்பது படத்தில் தெரியாது. பழனி மலையிலும் நீலகிரியிலும் குறைந்த பொருளோடு, காடும் தண்ணீரும் கண்ணில் படுகிற மாதிரி வீடு கட்ட நினைப்பவர்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஆனால் சுவரைப் பற்றிப் பேசும் முன் இடத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

கரையா, சரிவா?

தண்ணீரைத் தொடும் தூரத்தில் வீடு என்பது நம் மலைகளில் அநேகமாக நடக்காத காரியம். 1863இல் ஆங்கிலேய அதிகாரி லெவிஞ்ச் உருவாக்கிய கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் சாலை ஓடுகிறது. பேரிஜம் ஏரி வனத்துறையின் காட்டுக்குள் இருக்கிறது. நீலகிரியின் எமரால்டும் அவலாஞ்சியும் மின்வாரிய அணைகள். கோடையில் நீர்மட்டம் இறங்கினால் ஜன்னலில் ஏரி தெரியாது, வெடித்த செம்மண் கரைதான் தெரியும். மிஞ்சுவது கூக்கால், மன்னவனூர் மாதிரி ஊர்களில் ஏரியைப் பார்த்த சரிவு நிலங்கள்.

அதுவே நல்லது என்பது என் கட்சி. ராத்திரியில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். டிசம்பர், ஜனவரியில் கொடைக்கானலில் உறைபனி என்று செய்தி வந்தால் கூடவே ஏரிச்சாலை, ஜிம்கானா, கீழ்பூமி என்று பெயர்கள் வரும். ஊட்டி என்றால் தலைக்குந்தா, காந்தல். பெரும்பாலும் தாழ்வான இடங்கள்தான். கரையிலிருந்து நாற்பது, ஐம்பது அடி மேலே ஏறினாலே குளிர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், ஏரியும் முழுசாகத் தெரியும். கரையோர நிலத்தில் பட்டா எங்கே முடிகிறது, புறம்போக்கு எங்கே தொடங்குகிறது என்ற தகராறும் இருக்காது.

கண்ணாடி

பகல் பதினொரு மணிக்கு, வெயிலடிக்கும்போது, கண்ணாடி வீட்டை எதுவும் ஜெயிக்க முடியாது. அதை ஒத்துக்கொள்கிறேன். மற்ற நேரத்துக் கதை வேறு. ஒற்றைக் கண்ணாடி வழியாக வெளியேறும் சூடு, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வழியாகப் போவதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். மார்ச் மாத மதியத்தில் உள்ளே வேகும், அதே நாள் ராத்திரி நடுக்கும். ஜனவரி விடியற்காலையில் உள்பக்கமாகவே தண்ணீர் கோத்து வழிந்து, ஜன்னல் கட்டையில் தேங்கி, கட்டை கறுத்து உப்பிவிடும். "கண்ணாடி வேர்க்குது சார்" என்பார் கொத்தனார். இரட்டைக் கண்ணாடி போட்டால் இழப்பு ஏறக்குறைய பாதியாகும். ஆனால் செலவு எங்கேயோ போய்விடும், மலைப்பாதை வளைவுகளில் உடையாமல் கொண்டுவருவது தனிப் பாடு.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இருட்டிய பிறகு உள்ளே விளக்கைப் போட்டால் கண்ணாடியில் ஏரி தெரியாது, நம் முகம்தான் தெரியும். மஞ்சு இறங்கும் நாட்களிலோ பகலிலும் வெள்ளைச் சுவர்தான். பளபளப்பில் மரம் தெரிவதை நிஜம் என்று நம்பிப் பறவைகள் வந்து மோதுவதும் நடக்கிறது. இயற்கையோடு சேரக் கட்டிய வீட்டில் காலையில் செத்த குருவியைப் பொறுக்க வேண்டியிருந்தால் என்ன அர்த்தம்?

கல்

பழைய கொடைக்கானல் பங்களாக்களைப் பார்த்து வரும் ஆசை இது. அழகு, உறுதி, பூச்சு வேண்டாம், வர்ணம் வேண்டாம். சின்ன வீட்டுக்கு மட்டும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வெளி அளவு 30க்கு 20 அடி என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 600 சதுர அடி. ஒன்றரை அடிக் கல் சுவர் எழுப்பினால் உள்ளே மிஞ்சுவது 27க்கு 17, அதாவது 459 சதுர அடி. ஒன்பது அங்குலச் செங்கல்லில் 527 கிடைக்கும். ஆறு அங்குல மரச் சுவரில் 551. கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு படுக்கையறையே காணாமல் போகிறது.

கல் சூட்டைத் தடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது தாமதப்படுத்தும், அவ்வளவுதான். வருஷம் முழுக்க அங்கேயே குடியிருந்து, தினமும் அடுப்பு எரிகிற வீட்டில் கல் சுவர் சூட்டைப் பிடித்து வைத்து ராத்திரி திருப்பித் தரும். வெள்ளிக்கிழமை இரவு மதுரையிலிருந்து வந்து ஞாயிறு மதியம் கிளம்பும் குடும்பத்துக்கோ, வாரம் முழுக்கக் குளிர்ந்து கிடந்த சுவர் சூடாகி முடிக்கும்போது கிளம்பும் நேரம் வந்துவிடும். அஸ்திவாரத்துக்கு மேலே ஈரத்தடுப்புப் பட்டை சரியாக இல்லையென்றால் ஓதம் ஏறி, பீரோவில் வைத்த துணி பூசணம் பிடிக்கும்.

மரம்

மரம் சீக்கிரம் சூடாகும், எடை குறைவு. சரிவை வெட்டாமல் தூண் நிறுத்தி அதன்மேல் வைக்கலாம், மழைத்தண்ணீர் அடியில் தன் பாட்டுக்குப் போகும். மண் வெட்டும் எந்திரங்களுக்கு இரண்டு மலைகளிலும் கட்டுப்பாடு இருக்கிறது. நீலகிரியில் 2009 நவம்பரில் சரிவுகள் எப்படி இறங்கின என்று பார்த்தவர்களுக்கு, மலையை வெட்டாத வீட்டின் அருமை தெரியும். கட்டட உயரத்துக்கு வரம்பு இருப்பதால் தூணின் உயரத்தையும் சேர்த்துத்தான் வரைபடம் போட வேண்டும்.

சிக்கல் மரத்திலேயே இருக்கிறது. சொந்தப் பட்டாவில் நிற்கும் மரத்தைக்கூட நினைத்தபடி வெட்ட முடியாது, மலைப்பகுதி மரங்களைக் காக்கும் 1955ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கும். உரிய அனுமதியோடு வரும் சில்வர் ஓக், பைன், தைல மரம் எல்லாம் பதப்படுத்தாமல் போட்டால் சில மழைக்காலங்களிலேயே பூஞ்சையும் வண்டும் வேலையைக் காட்டும். மழை அடிக்கிற பக்கத்துப் பலகைக்கு எண்ணெய் பூசுவது வருஷா வருஷம் செய்ய வேண்டிய வேலை. தூணின் கால் மண்ணைத் தொடவே கூடாது, கல் பீடத்தில்தான் உட்கார வேண்டும்.

என் தேர்வு

நீலகிரித் தோடர்களின் பழைய குடில், அரைப் பீப்பாய் மாதிரி வளைந்த கூரையோடு மூங்கில், பிரம்பு, புல்லால் ஆனது. ஜன்னல் கிடையாது. வாசல் தவழ்ந்து நுழையும் அளவுதான். அந்தப் புல்வெளியோடு அவர்களைவிட நெருங்கி வாழ்ந்தவர்கள் யார்? பகலெல்லாம் வெளியே எருமைகளோடு, ராத்திரி உள்ளே சூட்டோடு. இயற்கை வெளியே இருக்கிறது, வீடு வெதுவெதுப்புக்கு. மலையில் இந்தப் பிரிவினைதான் சரி என்று எனக்குப் படுகிறது.

அதனால் கண்ணாடிக்கு வைத்த பணத்தைத் திண்ணையில் போடச் சொல்வேன். ஏரி பார்த்த பக்கம் எட்டடி ஆழத்தில் கூரை போட்ட திண்ணை, மழைக்காற்று வரும் பக்கம் மட்டும் அடைப்பு. அந்தப் பக்கம் எது என்பது மலைக்கு மலை மாறும். மேற்கு நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை சாத்தும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மி.மீ. கொட்டியது. கொடைக்கானல் பக்கம் அக்டோபர், நவம்பர் மழைதான் கனம். உள்ளே ஒரே ஒரு நல்ல ஜன்னல் போதும், இரட்டைக் கண்ணாடியில். தரையிலிருந்து ஒன்றரை அடியில் தொடங்கினால் உட்கார்ந்தபடி ஏரி தெரியும்.

சுவருக்கு, நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவரிலேயே கால்வாசிச் செங்கல் மிச்சம், உள்ளே அடைபட்ட காற்று குளிரையும் மட்டுப்படுத்தும். கல்லை அடிமட்டத்துக்கும் தடுப்புச் சுவருக்கும் வைத்துக்கொள்ளலாம், தோண்டும்போது கிடைப்பதே பாதிக்கு ஆகும். தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய ஓட்டை விட மறந்தால் முதல் பெருமழையில் அது சாயும்.

கூரைக்குத் தகரம், அடியில் பலகை, நடுவே இடைவெளி. ஓடு அழகுதான், குரங்குகள் விடாது. 600 சதுர அடிக் கூரையில், ஆண்டுக்கு 1,600 மி.மீ. மழை என்று வைத்தால், வீணாவது போக 75,000 லிட்டராவது பிடிக்கலாம். போர்வெல்லை நம்பி மலையில் வீடு கட்ட வேண்டாம். கழிவுநீரை செப்டிக் டேங்கிலிருந்து நேரே சரிவில் விட்டால் அது போய்ச் சேருவது நீங்கள் பார்த்து ரசிக்கிற அதே ஏரிதான். ஜல்லியும் கல்வாழையும் நாணலும் வைத்த ஒரு பாத்தி வழியாக விடுங்கள்.

வாரக் கடைசிக்கு மட்டும் வருகிறவர்கள் மரத்துக்கே போகலாம், தப்பில்லை. எண்ணெய் பூச ஊரில் ஒருவரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். திறந்த கணப்புக்குப் பதில் மூடிய இரும்பு அடுப்பு வையுங்கள். கணப்பில் பாதிக்கு மேல் சூடு புகைபோக்கி வழியாகவே போய்விடும், சீகை (வாட்டில்) மர விறகு இப்போது சும்மா கிடைப்பதில்லை.