90 நாளில் ஜெர்மன் என்று சொல்லி நர்சுகளிடம் வாங்கிய பணம்: காரைக்குடிப் பக்கம் எனக்கு நேர்ந்தது

சென்ற வாரம் காரைக்குடியை அடுத்த ஓர் ஊரின் வழியாகப் பேருந்தில் போனபோது, ஜெர்மன் கற்க நான் 90 நாட்கள் தங்கியிருந்த பெரிய வீட்டின் முகப்பில் புதுப் பலகை ஒன்று தொங்குவதைப் பார்த்தேன். எங்கள் காலத்தில் ஜெர்மன் என்று இருந்த இடத்தில் இப்போது ஜப்பானிய மொழி என்று எழுதியிருக்கிறது. முதியோர் பராமரிப்பு வேலை, 100 நாளில் தேர்ச்சி, உணவும் தங்குமிடமும் உட்பட என்று கீழே இருக்கிறது. தொலைபேசி எண் மட்டும் மாறவில்லை. அதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க மனம் ஒப்பாததால்தான் இதை எழுதுகிறேன். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவள். ஜெர்மனிக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் என் கல்லூரித் தோழி ஒருத்தி அங்கு போன பிறகு வந்தது. அப்போதுதான் வழவழப்பான காகிதத்தில் அச்சிட்ட அந்தத் துண்டறிக்கை எங்கள் மருத்துவமனை கேன்டீனில் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. ‘உங்கள் ஊர்ப் பெரியவர்கள் பர்மாவில் கிட்டங்கியில் தங்கியே பர்மிய மொழி கற்றார்கள், நீங்கள் ஜெர்மன் வீட்டில் தங்கி ஜெர்மன் கற்கலாம்’ என்று அதில் இருந்தது. கிட்டங்கி என்றால் வட்டிக்கடையும் தங்குமிடமும் ஒன்றாக இருந்த கட்டடம். எழுதியவர் ஆள் பார்த்து எழுதியிருக்கிறார். இந்தப் பக்கத்தில் பர்மா, மலேயா என்ற பேச்சு இல்லாத தெரு கிடையாது. எங்கள் எதிர்வீட்டு ஆச்சியின் மாமனார்கூடப் பதின்மூன்று வயதில் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடைப் பணப்பெட்டி அருகே உட்கார்ந்து வேலை பழகும் சிறுவனாக, ரங்கூனுக்குக் கப்பல் ஏறியவர்தான். அந்த வரியைப் படித்ததும் என் அப்பா தலையாட்டிவிட்டார்.

அந்தப் பையன்கள் மொழி கற்றது எப்படி என்பதை அன்றைக்கு நாங்கள் யோசித்திருக்க வேண்டும். கடன் கேட்டும் வட்டி கட்டவும் பர்மியர்கள் பெட்டிக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்கள். காலை முதல் விளக்கு வைக்கும்வரை அவர்களோடு பேசித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. நாங்கள் இருந்த வீட்டில், தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூட ஒரு ஜெர்மன்காரர் வரவில்லை.

கட்டணம் 1,60,000 ரூபாய், திருப்பித் தரத்தக்க வைப்புத்தொகை 10,000 ரூபாய். அம்மாவின் சங்கிலியும் என் வளையல்களும் அடகுக்குப் போயின. துண்டறிக்கையிலிருந்த கணக்கு, மேலோட்டமாகப் பார்த்தால், தப்புச் சொல்ல முடியாத கணக்கு. ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறும் ஐரோப்பிய மொழித்திறன் அளவில், தொடக்கத்திலிருந்து பி2 நிலையை எட்ட 45 நிமிடம் கொண்ட பாடவேளைகள் 600 முதல் 800 வரை தேவைப்படும் என்று, ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோதே நிறுவனமே சொல்கிறது. ஒரு நாளைக்கு எட்டுப் பாடவேளை என்றால் 90 நாளில் 720 ஆகிவிடும் என்று இவர்கள் பெருக்கிக் காட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளை அதில் கழிக்கவில்லை. ஒரு மனிதருடைய தலைக்குள் ஒரு நாளில் எவ்வளவு இறங்கும் என்பதையும் கழிக்கவில்லை. கடைக்காரர் மகள் என்பதால், முதல் நாளிலிருந்தே ஆசிரியர் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்கு எழுந்து போனார் என்று ஒரு நோட்டில் குறித்து வந்தேன். 90 நாள் முடிவில் கூட்டிப் பார்த்தபோது மொத்தம் 118 மணி நேரம் வந்தது, அதாவது 157 பாடவேளை. மீதி நேரத்துக்கெல்லாம், மொழிக்குள்ளேயே வாழ்ந்து கற்பது என்ற பொருளில், ‘தானே மூழ்குதல்’ என்று கால அட்டவணையில் பெயர் வைத்திருந்தார்கள்.

மூழ்குதல் என்பதற்கு அந்த வீட்டில் இருந்த ஒரே பொருள் தமிழ் பேசக்கூடாது என்பதுதான். கைப்பேசிகள் காலை ஆறு மணிக்கு வாங்கி வைக்கப்பட்டு இரவு எட்டு மணிக்குத் தரப்படும். தமிழில் ஒரு சொல் வாயிலிருந்து வந்தால் 50 ரூபாய் அபராதம். பட்டாலை என்கிற கூடத்துத் தூணில் கட்டியிருந்த தகர உண்டியலில் போட வேண்டும். நாங்கள் 22 பெண்கள். யாருக்கும் ஜெர்மனில் பத்து வாக்கியத்துக்கு மேல் தெரியாது. விளைவு என்னவென்றால், ஆத்தங்குடிக் கல் பதித்த அந்த நீண்ட கூடத்தில் 22 பேரும் நாள் முழுக்க மௌன விரதம் இருந்தோம். உப்பு வேண்டும் என்றால் கையை நீட்டிக் காட்டினோம். சமையலுக்கு வந்த அம்மாவுக்கு எங்களைப் பார்த்துப் பொறுக்கவில்லை. ஒரு நாள் மதியம் குழம்பு ஊற்றும்போது குனிந்து, ‘ஏத்தா, வாயத் தொறந்து கேளு. நா யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்றார். நான் ‘இன்னும் கொஞ்சம் ரசம்’ என்று சொன்னதை மேலாளர் கேட்டுவிட்டார். இப்படியாக உண்டியலுக்கு நான் கொடுத்தது 650 ரூபாய்.

‘ஜெர்மனியிலிருந்து நேரடிப் பயிற்சியாளர்’ என்று விளம்பரத்தில் சொல்லப்பட்டவர் இரண்டு சனிக்கிழமைகளில், ஒவ்வொரு முறையும் 40 நிமிடம், திரையில் தோன்றினார். பிறகு இணைய இணைப்புச் சரியில்லை என்றார்கள். அந்த இணைப்பு கடைசிவரை சரியாகவில்லை. எங்களுக்கு உண்மையில் பாடம் நடத்தியவர் பொறியியல் படித்த ஓர் இளைஞர். அவரே தேறியிருந்தது பி1 வரைதான் என்பதை மூன்றாம் மாதத்தில், கூசிக் கூசி, அவரே ஒப்புக்கொண்டார். அவருக்கும் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்பது பின்னால் தெரிந்தது. அவர்மேல் எனக்கு வருத்தம் கிடையாது.

மருத்துவப் பணிக்கான ஜெர்மன் என்றுதான் ரசீதில் அச்சாகியிருக்கிறது. எங்களுக்குத் தரப்பட்ட ஒளிநகல் தாள்களோ சுற்றுலாப் பயணிகளுக்கானவை. ரயில் நிலையம் எங்கே, அறை வாடகை என்ன, ஒரு பீர் கொடுங்கள். நோயாளியின் படுக்கை ஓரத்துக்கு அந்தத் தாள்கள் ஒரு நாளும் வந்து சேரவில்லை. எங்கள் வார்டுக்குக் காளையார்கோவில் பக்கத்திலிருந்து வரும் பெரியவர்கள் வலியைச் சொல்லும்போது ‘விண்விண்ணுன்னு தெறிக்குது’, ‘சுருக்குன்னு குத்துது’, ‘கடுக்குது’ என்று பிரித்துத்தான் சொல்வார்கள். எந்தச் சொல் வந்தது என்பதை வைத்தே நாங்கள் டாக்டரை எவ்வளவு அவசரமாக அழைப்பது என்று முடிவு செய்வோம். ஜெர்மனிலும் குத்துகிற வலிக்கு ‘ஷ்டெஷென்ட்’, எரிகிற வலிக்கு ‘ப்ரென்னென்ட்’, மந்தமாக அமுக்குகிற வலிக்கு ‘டும்ஃப்’ என்று தனித்தனிச் சொற்கள் உண்டு என்பதை, அந்த வீட்டை விட்டு வந்து வேறோர் ஆசிரியையிடம் சேர்ந்த பிறகுதான் அறிந்தேன். ‘மிர் இஸ்ட் ஷ்லெஷ்ட்’ என்று ஒரு நோயாளி சொன்னால் அது ‘எனக்கு மோசமாக இருக்கிறது’ என்ற பொதுப் புலம்பல் அல்ல. குமட்டுகிறது, பாத்திரத்தை எடுத்து வா என்று பொருள்.

எண்கள் இன்னும் ஆபத்தானவை. ஜெர்மனில் 52 என்பதை ‘இரண்டும் ஐம்பதும்’ என்ற வரிசையில் சொல்வார்கள். காதில் விழுந்த வரிசையிலேயே எழுதினால் கை 25 என்று எழுதிவிடும். அங்கே தசமப் புள்ளியின் இடத்தில் காற்புள்ளி வரும், ஆயிரத்தைப் பிரிக்கும் இடத்தில் புள்ளி வரும். ஆகவே 2,5 மில்லிகிராம் என்றால் இரண்டரை, 1.000 என்றால் ஆயிரம். ஊசி மருந்தைக் கையில் வைத்திருப்பவளுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தர வேண்டிய செய்தி இது.

மாதிரித் தேர்வில் நான் எழுதிய ஒரு வாக்கியத்தை இன்னும் வைத்திருக்கிறேன். பணி மாறும்போது அடுத்த நர்சிடம் நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைப்பதற்கு ‘யூபர்காபே’ என்று பெயர். அதிலிருந்து நானாக வினையாக்கி, நோயாளியை ஒப்படைத்தாயிற்று என்ற பொருளில் ‘டெர் பாட்சியென்ட் ஹாட் ஸிஷ் யூபர்கேபன்’ என்று எழுதியிருந்தேன். பக்கத்தில் சிவப்பு மையில் சரி என்று குறி போட்டு ஐந்துக்கு ஐந்து கொடுத்திருக்கிறார்கள். நடுவில் அந்த ‘ஸிஷ்’ வந்துவிட்டதால் அந்த வாக்கியத்துக்கு நோயாளி வாந்தி எடுத்துவிட்டார் என்பதுதான் பொருள். நம்முடைய ‘நீ’, ‘நீங்கள்’ போல அவர்களுக்கு ‘டு’, ‘ஸீ’ உண்டு. வீட்டில் எங்களுக்குப் பழக்கியதெல்லாம் ‘டு’தான். எண்பது வயது நோயாளியை முதல் நாளே ‘நீ எப்படி இருக்கிறாய்’ என்று கேட்கிற பெண்ணை நம் ஊர் வார்டில் என்ன சொல்வார்களோ, அதைத்தான் அங்கேயும் சொல்வார்கள்.

கடைசி நாளில் பொன்னிற முத்திரையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நட்சத்திர வளையமும் போட்ட ‘பி2 சான்றிதழ்’ ஒன்றை எல்லாருக்கும் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அந்தத் தாளுக்கு எங்கும் மதிப்பில்லை. ஜெர்மனியில் செவிலியர் பணி உரிமம் பெற்றவர் மட்டுமே செய்யக்கூடிய தொழில். அந்தந்த மாநில அலுவலகம் நம் படிப்பைத் தங்கள் படிப்போடு ஒப்பிட்டு, குறை இருந்தால் அதைத் தீர்க்கத் தகவமைப்புப் பயிற்சியோ அறிவுத் தேர்வோ முடிக்கச் சொல்லும். உரிமத்துக்குப் பொதுவாக பி2 கேட்பார்கள். அதை கோதே, டெல்க், ஓ.எஸ்.டி. போன்ற அங்கீகாரம் பெற்ற தேர்வமைப்புகளில் எழுதித் தேறியிருக்க வேண்டும். கோதே பி2 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள கோதே நிறுவனத்தின் கிளையான மாக்ஸ் முல்லர் பவனில் அந்தத் தேர்வை எழுதலாம். எங்களை அங்கே பதிவு செய்யச் சொல்லிக் கேட்ட ஒவ்வொரு முறையும் ‘இடம் இல்லை’ என்ற பதிலே வந்தது. புது ஆசிரியை என்னைச் சோதித்துப் பார்த்துவிட்டு, ஏ1 முடித்தவள் என்று ஏ2 வகுப்பில் உட்கார வைத்தார். 157 பாடவேளைக்கு அதுவே சரியான இடம்.

பயிற்சி முடிந்ததும் அடுத்த கணக்கு தொடங்கியது. வேலைக்கு ஏற்பாடு செய்ய மூன்றரை லட்சம், தவணையில் கட்டலாம் என்றார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றவர்கூட வேலை தேடுபவரிடம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர வேறு சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. அந்த அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையத்தளத்தில் முகவரின் பெயரைத் தட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதைப் பணம் கட்டிய பிறகு பார்த்தேன் என்பதுதான் என் முட்டாள்தனம். அரசுத் தரப்பிலேயே சென்னையில் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் 1978 முதல் இருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில், வெளிநாடு வாழ் கேரளர்களுக்கான அரசு அமைப்பான நோர்க்கா வழியாக நடக்கும் டிரிபிள் வின் திட்டத்தில் நர்சுகளுக்கு மொழிப் பயிற்சியே இலவசம்.

பதிவு எண்ணைக் கேட்டதும் மேலாளரின் பேச்சு மாறியது. சேர்ந்த அன்றே ‘கோப்புக்கு வேண்டும்’ என்று எங்களிடமிருந்து வாங்கி வைத்திருந்த அசல் பட்டச் சான்றிதழையும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழையும் தர மறுத்தார்கள். அவை இல்லாமல் பழைய வேலைக்கும் திரும்ப முடியவில்லை. ஐந்து வாரம் அலைந்தேன். கடைசியில் அப்பாவோடு காவல் நிலையம் போய் மனு கொடுத்து, அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிய மறுநாள், ஓர் ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து உறையை எங்கள் கடைப் பலகையில் வைத்துவிட்டுப் போனார். அசலைக் கொடுக்காதீர்கள், பார்க்கக் காட்டலாம், நகல் கொடுக்கலாம், அதற்கு மேல் எந்தப் பயிற்சி நிறுவனத்துக்கும் அது தேவையில்லை.

பணத்துக்கு முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். நிறுவனம் பதில் தரவில்லை. பிறகு எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். துண்டறிக்கை, ரசீதுகள், அந்தப் பொன்முத்திரைச் சான்றிதழ், சிவப்பு மைத் தாள், என் நோட்டு எல்லாவற்றையும் இணைத்தேன். 1,60,000த்தை 118ஆல் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 1,356 ரூபாய் என்று அப்பா நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்ததையும் அப்படியே விட்டுவிட்டேன். 22 பேரில் என்னோடு சேர்த்து நான்கு பேர்தான் மனு போட்டிருக்கிறோம். மற்றவர்களுக்கு, வெளிநாடு போகும்போது விசாவில் சிக்கல் வரும் என்று மேலாளர் சொல்லி வைத்த பயம்.

மனுவின் நோட்டீஸ் போய்ச் சேர்ந்த பிறகு என் வங்கிக் கணக்கில் 10,000 ரூபாய் வந்தது. குறிப்பில் ‘முழுத் தீர்வு’ என்று போட்டிருந்தார்கள். அது வைப்புத்தொகை மட்டுமே, கட்டணம் 1,60,000 இன்னும் பாக்கி இருக்கிறது என்று அன்றிரவே மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலையும் மனுவோடு சேர்த்துவிட்டேன். எங்களோடு அந்த வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் அதே குறிப்போடு பணம் வந்திருக்கிறது என்று கேள்விப்படுகிறேன். வந்திருந்தால் பதில் எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.