டெமோவைப் பார்த்து 185,000 ரூபாவைக் கொடுத்துவிட்டு நிற்கிறேன்

185,000 ரூபா. அதை வாங்கிய கம்பனியை நேற்று மாலை கடைசித் தடவையாக அழைத்தபோது, அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்றது.

உப்புவெளியில் எங்களுக்கு ஒரு சின்ன விடுதியும், புறாமலைத் தீவுக்கு ஆட்களை ஏற்றும் இரண்டு படகுகளும் இருக்கின்றன. முன்பதிவெல்லாம் நான் எழுதிய ஜாவா செயலியில் ஓடுகிறது: கட்டியது ஸ்பிரிங் பூட் 3 சட்டகத்தில், அதை ஓட்டும் சேர்வர் மென்பொருள் டாம்கேட் 10.1. குறை ஒன்றுதான். கட்டணம் மாறினாலும், கடல் கொந்தளித்துப் படகை நிறுத்தினாலும், அந்த ஒரு வரிக்காக நான்தான் நிரலைத் திறந்து, திரும்பக் கட்டி, சேர்வரில் ஏற்ற வேண்டும். முன்மேசையில் இருக்கும் தங்கச்சியே மாற்றட்டும் என்று, ஒரு சிஎம்எஸ்ஸை (நிரலைத் தொடாமல் பக்கத்தில் உள்ள எழுத்தை மாற்ற உதவும் மென்பொருள்) அதோடு இணைக்க நினைத்தேன்.

கொழும்பில் இணைய வேலை செய்து கொடுக்கும் ஒரு கம்பனி. ஆள் திருகோணமலைக்கே வந்தார். தமிழ்ப் பெடியன், வாய் நிறைய "அண்ணா". அம்மா போட்ட தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே மடிக்கணினியைத் திறந்து, "இன்று படகு இல்லை" என்று தமிழில் அடித்து ஒரு பொத்தானை அழுத்தினார். முன்பதிவுப் பக்கத்தில் உடனே வந்துவிட்டது. தங்கச்சி கைதட்டாத குறை. கோட்டையடி மானுக்குப் பாண் துண்டைக் காட்டினால் போதும், பின்னாலேயே வரும். எனக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. அன்றைக்கே முழுக்காசையும் வங்கியில் போட்டேன். ஜாவா தெரிந்தவன் நான். அவருடைய மடிக்கணினியில் ஓடுவது எந்த டாம்கேட் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நித்திரை வராமல் கிடப்பது அதை நினைத்துத்தான்.

மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு வார் கோப்பு (டாம்கேட்டில் ஏற்றும் ஜாவா செயலிப் பொதி) வந்தது. ஏற்றினால் எழும்பவே இல்லை. 'ஜாவாஎக்ஸ்' என்று பெயர் தொடங்கும் சேர்வ்லெட் வகுப்பைக் (இணையச் செயலிக்கு வேண்டிய ஜாவா நிரல் துண்டு) காணவில்லை என்று லொக் முழுக்கப் பிழை. டாம்கேட் 10-இல் இருந்தே அந்தப் பெயர் 'ஜகார்த்தா' என்று மாறிவிட்டது. இவர்கள் தந்தது டாம்கேட் 9-க்குக் கட்டியது. கேட்டால், "அண்ணா, உங்கட சேர்வர் பழசு, அதுதான்." பழசு அவர்களுடையது! சரிக்கட்ட இன்னும் 60,000 வேண்டுமாம்.

கத்தினேன். சிஎம்எஸ்ஸைத் தனியாக ஒரு டாம்கேட் 9-இல் ஓடவிட்டு, அதன் பக்கத்தை என் பக்கத்துக்குள் ஐஃபிரேமில் ஒட்டிவிட்டு, "வேலை முடிந்தது" என்று மெயில் போட்டார்கள். சுவரில் ஓட்டை போட்டுப் பக்கத்து வீட்டைக் காட்டிய மாதிரி. தங்கச்சி இரண்டு இடத்தில் லொகின் செய்ய வேண்டும். போனில் பக்கத்துக்குள்ளே இன்னொரு பக்கம் உருள்கிறது. தமிழில் அடித்தால் "?????". மைஎஸ்க்யூஎல் தரவுத்தள அட்டவணைகளை, தமிழ் எழுத்துக்கு இடமில்லாத லத்தீன்1 குறியீட்டில் உருவாக்கியிருக்கிறார்கள். கேள்விக்குறியாகச் சேமித்த எழுத்து திரும்பி வராது. அவள் இரண்டு நாள் இருந்து அடித்த அறை விவரமெல்லாம் போச்சு.

அப்புறம் "டெவலப்பர் லீவு", "போயா முடியட்டும்", "டிக்கெட் போட்டிருக்கிறம்". கடைசியில் "டெமோ பார்த்துத்தானே ஓம் சொன்னீங்கள்?" பற்றுச்சீட்டை நேற்றுத்தான் வடிவாகப் பார்த்தேன். 185,000-இல் 70,000 'உரிமக் கட்டணம்'. போட்டிருப்பதோ இலவசத் திறமூலப் பதிப்பு!

எப்படித் தப்புவது என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன், இப்போது பொறுமை இல்லை. டெமோவை உங்கள் சேர்வரில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஜாவா, டாம்கேட் பதிப்பு எண்களை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். தமிழில் ஒரு பந்தி சேமித்துத் திரும்பத் திறந்து பாருங்கள். முழுக்காசையும் முன்னே கொடுக்காதீர்கள். ஐஃபிரேம் என்றால் எழும்பிப் போங்கள். உள்ளடக்கத்தை ரெஸ்ட் வழியாக (இணையக் கோரிக்கையாக) ஜேசன் என்ற வெறும் தரவாக வாங்கினால், சிஎம்எஸ் எந்த டாம்கேட்டில் கிடந்தாலும் நம் செயலிக்குக் கவலையில்லை. அதை இனி நானே எழுத வேண்டும்.

இன்று காலையும் கடல் சரியில்லை. "படகு இல்லை" என்ற வரியை ஐந்தரை மணிக்கு எழும்பி நிரலைத் திறந்து நான்தான் போட்டேன்.