கண்ணாடிப் பெட்டி டெமோ காட்டி அயனைசர் விற்க வந்தால் உஷார்

அயனைசர் என்றால் அயனிகளை, அதாவது மின்னேற்றம் உள்ள துகள்களை, விட்டு வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி விற்கும் மிஷின். எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் மேசை போட்டு விற்றுவிட்டுப் போனார்கள், வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் அடுத்து உங்கள் வாசலுக்கும் வரலாம். 2022-ல் பெருங்குடி குப்பைமேடு எரிந்ததிலிருந்து இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் புகை என்றாலே பயம், அந்தப் பயத்தை வைத்துத்தான் வியாபாரமே.

டெமோ இதுதான். மீன் தொட்டி அளவுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, உள்ளே ஊதுபத்திப் புகையை நிரப்பி மிஷினை ஆன் செய்கிறார்கள், சில நொடியில் புகையைக் காணோம், கூட்டமே வாயைப் பிளக்கிறது. மிஷின் விடும் அயனிகள் புகைத்துகளுக்கு மின்னேற்றம் கொடுக்கின்றன, துகள் பக்கத்துக் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான் விஷயம். பெட்டி சின்னது என்பதால் சட்டென்று மறைகிறது. ஹாலில் வைத்தால் அதே துகள் சுவரிலும் சோபாவிலும் தரையிலும் உட்காரும், பெருக்கும்போது திரும்பவும் மூக்குக்கு வரும். எங்கள் வீட்டில் மிஷினுக்குப் பின்னால் சுவரில் கரி பூசின மாதிரி ஒரு திட்டு, ஈரத்துணியால் துடைத்தால் இன்னும் இழுவிக்கொண்டு போகிறது. சர்வீஸுக்கு வந்த பையன் அதைக் காட்டி, "பாருங்க சார், எவ்வளவு அழுக்க இழுத்திருக்கு" என்கிறான்!

சத்தமே வராது என்று சொல்லி விற்றார்கள். உள்ளே ஃபேன் இல்லை, எப்படி வரும்? ஃபேன் இல்லாமல் அறைக் காற்று எப்படி உள்ளே போய் வெளியே வரும்? மணிக்கு எவ்வளவு சுத்தமான காற்று தரும் என்று சொல்கிற சிஏடிஆர் எண் பெட்டியில் எங்கேயும் இல்லை, கேட்டால் "கோடிக்கணக்கான அயனி சார்" என்று பதில். 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு.

இதெல்லாம்கூடப் போகட்டும், மிஷின் விடும் ஓசோன் வாயுதான் பெரிய பிரச்சினை. ஆன் செய்ததும் ஜெராக்ஸ் கடையில் வருகிற மாதிரி ஒரு வாசனை வரும், அதை "மழை பெய்த ஃப்ரெஷ்னெஸ்", "ஆக்டிவேட்டட் ஆக்சிஜன்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு வீசிங் உண்டு, அதைச் சொல்லித்தான் வாங்கினோம், ஆஸ்துமாக்காரர்களுக்கு ரொம்ப நல்லது என்றார்கள். அப்புறம் இருமல் கூடி, தொண்டை எரிச்சல் வந்து, இன்ஹேலரைக் கையிலேயே வைத்திருக்கும் நிலை. டாக்டர் விவரம் கேட்டதுமே முதலில் அதை அணைக்கச் சொன்னார். ஓசோன் நுரையீரலை உறுத்தும் வாயு, ஆஸ்துமா இருந்தால் இன்னும் மோசம். தரை துடைக்கும் எலுமிச்சை வாசனை லோஷனோடு சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு வேறு உருவாகும். உடம்புக்குக் கெடுதல் இல்லாத அளவில் ஓசோன் காற்றைச் சுத்தம் செய்யவும் உதவாது, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே இதை எழுதி வைத்திருக்கிறது.

இது புதுக்கதையும் இல்லை. அமெரிக்காவில் ஷார்ப்பர் இமேஜ் கம்பெனி விற்ற அயானிக் ப்ரீஸ் என்ற மிஷின் பெரிதாகப் பயன்படவில்லை என்று கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் எழுத, கம்பெனி 2003-ல் அதன்மேல் வழக்குப் போட்டது, 2004-ல் கோர்ட் அதைத் தள்ளுபடி செய்தது. கலிஃபோர்னியாவில் 0.050 பிபிஎம்முக்கு (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) மேல் ஓசோன் விடும் ஏர் ப்யூரிஃபையரை விற்க 2010-லிருந்து தடை. எங்களிடம் விற்றவர் "கலிஃபோர்னியா வீடுகள்ல எல்லாம் இதுதான் சார்" என்றார். அங்கே அனுமதி பெற்ற மாடல்களின் பட்டியலை அரசே இணையத்தில் போட்டிருக்கிறது, யாரும் பார்க்கலாம். இந்த மாடல் அதில் இல்லை.

திருப்பிக் கொடுக்கப் போனால் பெட்டியைப் பிரித்தாச்சு, எடுக்க முடியாது என்கிறார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்த பிறகு போன் வந்தது, பணம் கிடையாது, கூடக் கொஞ்சம் கட்டினால் "ப்ளாஸ்மா" மாடல் தருகிறோம் என்று. சரி, அதில் அயனியை மட்டும் அணைக்க ஸ்விட்ச் இருக்கிறதா, நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் இருக்கிறதா என்றேன், இரண்டும் இல்லையாம். இனி மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இதே ஆட்களிடம் வாங்கியிருந்தால் பில்லையும் அந்த விளம்பர நோட்டீஸையும் தூக்கிப் போடாதீர்கள், ஆஸ்துமாவுக்கு நல்லது என்று அதில் அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள்.