ஐரோப்பாவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கான ஞாயிறு வகுப்பு, திருகோணமலை: தாராளமாகச் சேரலாம், ஒரு குறையோடு

ஏகாம்பரம் வீதியில் ஒரு கடையின் மேல்மாடியில் ஞாயிறு காலைகளில் நடக்கிற வகுப்பு இது. ஐரோப்பாவில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அங்குள்ள தொழிலாளர் சட்டத்தையும் தொழிற்சங்கத்தையும் தமிழில் சொல்லிக்கொடுக்கிறார்கள். கட்டணம் 4,000 ரூபாய். ஏஜென்சிக்கு லட்சக்கணக்கில் கட்டுகிற நமக்கு இது பெரிய காசு இல்லை. கட்டாயம் போங்கள்.

நான் மேசன், கட்டாரில் வேலை செய்தவன். வெளிநாட்டுத் தொழிலாளி சங்கம் வைக்க அங்கே சட்டம் இடம் கொடுக்காது. சம்பளம் பிந்தினால் ஃபோர்மனிடம் கெஞ்சுவதுதான் வழி. இப்போது ருமேனியாவுக்கு முயற்சி செய்கிறேன். அதனால் இந்த வகுப்பு எனக்குப் பொழுதுபோக்கு இல்லை.

படிப்பிக்கிற அக்கா ஜேர்மனியில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். பெயரை மறைத்த தன் பழைய சம்பளச் சீட்டைச் சுவரில் பெரிதாகக் காட்டி, வரி வரியாக விளக்கினார். ஓய்வூதியத்துக்கு நம்மிடம் 9.3 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளியும் அதே அளவு கட்டவேண்டும். "இந்த வரி உங்கட சீட்டில இல்லாட்டி உடன கேள்வி கேளுங்கோ தம்பி" என்றார். யாரிடம் கேட்பது? அங்கேதான் தொழிலாளர் குழு வருகிறது. ஜேர்மனியில் 5 பேர் வேலை செய்கிற இடத்திலேயே அப்படி ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தக் குழுவின் கருத்தைக் கேட்காமல் ஒருவரை வேலையால் நிறுத்தினால், அந்த நிறுத்தம் செல்லாது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து, நம்மைப் போன்ற வெளிநாட்டவரும் அந்தத் தேர்தலில் நிற்கலாம். இதைக் கேட்டு நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சுவீடன் பாடம் இன்னும் சுவையானது. அங்கே சட்டத்தில் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று கிடையாது, எல்லாம் சங்கமும் முதலாளிகளும் போடுகிற கூட்டு ஒப்பந்தம்தான். டெஸ்லா அதில் கையெழுத்துப் போட மறுத்ததால் 2023 ஒக்டோபரில் அதன் மெக்கானிக்குகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அப்புறம் துறைமுகத் தொழிலாளர்கள் டெஸ்லா கார்களைக் கப்பலிலிருந்து இறக்க மறுத்தார்கள், தபால்காரர்கள் நம்பர் பிளேட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க மறுத்தார்கள். "வேற கொம்பனிச் சண்டைக்கு இவங்கள் ஏன் நிக்கினம், வேலை போகாதா?" என்று நம் துறைமுகத்தில் வேலை செய்கிற ஒரு அண்ணன் கேட்டார். சுவீடனில் அது சட்டப்படி சரி, இங்கிலாந்தில் அதே காரியத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று அக்கா பிரித்துச் சொன்னார். ஐரோப்பா என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. பிரான்சில் பத்தில் ஒருவர் அளவில்தான் சங்க உறுப்பினர், ஆனால் ஒப்பந்தத்தை அரசாங்கம் துறை முழுவதற்கும் விரிப்பதால் கிட்டத்தட்ட எல்லாருக்கும் அது பொருந்தும்.

குறை இதுதான்: வகுப்பில் பாதிப்பேருக்கு மேல் ருமேனியா போகிறவர்கள், ருமேனியாவோ அரை மணித்தியாலத்தில் முடிந்தது. 2011 சட்டம் நாடு தழுவிய கூட்டு ஒப்பந்தத்தை ஒழித்தது, ஒரு நிறுவனத்தில் பாதிக்கு மேற்பட்டவர்களைச் சேர்க்காத சங்கம் பேச்சுவார்த்தைக்கு உட்கார முடியாமல் போனது. 2022இல் அந்த அளவை 35 சதவீதமாகக் குறைத்தார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, சைட்டில் சம்பளம் பிந்தினால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதைச் சொல்லாமல் விட்டால் எப்படி? எங்களுக்கு வேண்டியதே அதுதான். ஜேர்மனிக்குக் கொடுத்த நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடுக்கவேண்டும். அச்சடித்த குறிப்பும் தருவதில்லை, சுவரில் காட்டுவதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளவேண்டியதுதான்.

இதை அக்காவிடமே சொன்னேன், அடுத்த தொகுதிக்கு ருமேனியாவைத் தனி வகுப்பாக வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். சேர்கிறவர்கள் ஏஜென்சி தந்த ஒப்பந்தத்தின் நகலைக் கையோடு கொண்டுபோங்கள். வகுப்பு முடிந்ததும் இருந்து வாசித்து விளக்குகிறார், அதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை.