கவுன்சில் பதில் போடவில்லை என்று பயந்து பார்க்கிங் அபராதத்தைக் கட்டிவிடாதீர்கள்

இங்கிலாந்தில் கார் வைத்திருக்கும் நம்மவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். லண்டனுக்கு வெளியே ஒரு கவுன்சில், அதாவது உள்ளாட்சி நிர்வாகம், என்னை மாதக்கணக்கில் இழுத்தடித்தது. சட்டம் என் பக்கம் இருந்தும், கடைசி வரை அவர்கள் அதை வாய்விட்டுச் சொல்லவே இல்லை.

கடைத்தெருவில் கட்டண இடத்தில் காரை விட்டேன், ஆப்பில் பணம் கட்டினேன், பணம் வந்துவிட்டது என்று மெசேஜும் வந்தது. நேரம் முடிவதற்குள் திரும்பி வந்தால் கண்ணாடியில் மஞ்சள் பிளாஸ்டிக் உறை ஒட்டியிருக்கிறது. உள்ளே பி.சி.என்., அதாவது கவுன்சில் போடும் பெனால்டி சார்ஜ் நோட்டீஸ், நாம் டிக்கெட் என்று சொல்வது. காரணம் கோடு 11, அதாவது கட்டணம் கட்டாமல் நிறுத்தியிருக்கிறீர்களாம். 50 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் 25. அன்று இரவே ரசீதை இணைத்து கவுன்சில் தளத்தில் ஆட்சேபம் அனுப்பினேன். வண்டி எண், இடத்தின் எண், நேரம் எல்லாமே ரசீதில் தெளிவாக இருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்?

பதிலே இல்லை. ஒரு நாள் தபாலில் வந்தது நோட்டீஸ் டு ஓனர், அதாவது வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குக் கவுன்சில் அனுப்பும் முறையான நோட்டீஸ், முழுசாக 50 பவுண்டு கேட்டு. போன் செய்தால், "உங்கள் ஆட்சேபம் வரிசையில் இருக்கிறது, நோட்டீஸ் தானாகப் போயிருக்கும், தொகை ஏறுவதற்குள் கட்டிவிடுவது நல்லது" என்கிறார் அந்த அம்மா. இந்த இடத்தில்தான் பாதிப் பேர் கார்டை எடுத்துக் கட்டிவிடுகிறோம். கட்டிவிட்டால் வழக்கு முடிந்தது, அப்புறம் முறையிட வழியே கிடையாது.

போனில் யாரும் சொல்லாத விஷயம் இது. டிக்கெட் வந்தவுடன் நாம் அனுப்புகிற முதல் ஆட்சேபத்துக்கு இத்தனை நாளில் பதில் தந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் டிக்கெட் ரத்து என்று சட்டத்தில் எந்தக் கெடுவும் இல்லை. கவுன்சில் சும்மா இருந்தால் நஷ்டம் நமக்குத்தான். நோட்டீஸ் டு ஓனர் வந்த பிறகு கதை வேறு. அது வந்து 28 நாளுக்குள் நாம் முறைப்படி ஆட்சேபம் அனுப்பினால், அது கவுன்சில் கைக்குப் போன நாளையும் சேர்த்து 56 நாளுக்குள் அவர்கள் முடிவை நமக்குத் தெரிவித்தாக வேண்டும். தவறினால் நம் ஆட்சேபத்தை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது, அவர்கள் டிக்கெட்டை ரத்து செய்துதான் ஆக வேண்டும். இங்கிலாந்துக்கான 2022 விதிமுறைகளில் இது இருக்கிறது, அதற்கு முந்தைய 2007 விதிமுறைகளிலும் இருந்தது.

அதனால் தயவு செய்து "முன்னாடியே ஒரு தடவை எழுதிவிட்டேனே" என்று நோட்டீஸை மூலையில் போட்டுவிடாதீர்கள். அதே ரசீது, அதே வாதம் என்றாலும் திரும்பவும் அனுப்புங்கள், ஏனென்றால் அந்த 56 நாள் கடிகாரம் இரண்டாவது ஆட்சேபத்துக்குத்தான் ஓடுகிறது. ஆன்லைனில் அனுப்பியதும் வருகிற ஒப்புகை மெயிலைப் பத்திரமாக வையுங்கள், கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான்.

நான் அனுப்பினேன். ஒப்புகை வந்தது, அதோடு சரி. 56 நாளும் தாண்டிய பிறகு நிராகரிப்புக் கடிதம் வந்தது. ரசீதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை, யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பக்கூடிய அச்சடித்த பத்திகள்! கடிதத்தின் மேல் இருந்த தேதியோ கெடு முடிவதற்குச் சரியாக முந்தைய நாள். எனக்குச் சந்தேகம் வந்து, குப்பைக்குப் போக இருந்த கவரை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் சிவப்பாக ஃபிராங்கிங் முத்திரை, அதாவது தபால்தலைக்குப் பதிலாக மெஷினில் அடிப்பது, அதிலிருந்த தேதி அடுத்த வாரத்துத் தேதி. கடிதத்தில் என்ன தேதி அடித்தார்கள் என்பது முக்கியமில்லை, நமக்கு எப்போது சேர்ந்தது என்பதுதான் கணக்கு. முதல் வகுப்புத் தபால் என்றால் போட்ட பிறகு வரும் இரண்டாவது வேலை நாளில் சேர்ந்ததாக எடுத்துக்கொள்வார்கள். எப்படிப் பார்த்தாலும் கெடு போய்விட்டது. கவுன்சிலுக்கு இதை எழுதினேன், "எங்கள் அலுவலர் கோப்பைத் திறந்த நாளிலிருந்துதான் 56 நாள்" என்று பதில் வந்தது. சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. தெரியாமல் சொன்னார்களா தெரிந்தே சொன்னார்களா, எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

சரி என்று டிராஃபிக் பெனால்டி டிரிப்யூனலுக்குப் போனேன், கவுன்சிலைச் சாராமல் இந்த டிக்கெட் மேல்முறையீடுகளைக் கேட்கும் தீர்ப்பாயம் அது. லண்டனுக்குள் கிடைத்த டிக்கெட் என்றால் லண்டன் டிரிப்யூனல்ஸ். நிராகரிப்பு கைக்கு வந்து 28 நாளுக்குள் போக வேண்டும், கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. ஒப்புகை மெயில், கடிதம், கவரின் போட்டோ, ஆப் ரசீது, நான்கையும் ஏற்றினேன். கவுன்சில் வாதாடக்கூட வரவில்லை, எதிர்க்கவில்லை என்று சொல்லி டிக்கெட்டை ரத்து செய்துவிட்டது. மன்னிப்பு ஒரு வார்த்தை இல்லை. வாதாடத் தெம்பில்லாத டிக்கெட்டுக்கு இத்தனை மாதம் ஒருவரைக் கலங்க வைப்பது எந்த ஊர் நியாயம்?

நிராகரிப்பே வராமல் நேராக சார்ஜ் சர்டிஃபிகேட், அதாவது தொகையை ஏற்றிக் கேட்கும் அடுத்த கடிதம், வந்தால்? தொகையில் பாதி கூடியிருக்கும், 50 என்பது 75 ஆகும். அப்போதும் பதறாதீர்கள், ஆனால் அதற்கடுத்து நார்தாம்டனில் உள்ள டிராஃபிக் என்ஃபோர்ஸ்மென்ட் சென்டர் என்ற நீதிமன்ற அலுவலகம் வழியாக வரும் ஆர்டர் ஃபார் ரெக்கவரியை, அதாவது பணத்தை வசூலிக்கும் உத்தரவை, மட்டும் தவற விடாதீர்கள். அதோடு வரும் டி.இ. 9 படிவத்தில் "ஆட்சேபம் அனுப்பினேன், நிராகரிப்பு வரவில்லை" என்ற காரணம் தனியாகவே இருக்கிறது. 21 நாளுக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். அதையும் விட்டால் பெய்லிஃப், அதாவது கடன் வசூலிக்கும் அதிகாரி, வாசலுக்கு வருவார், அவர் கட்டணமும் சேர்ந்துகொள்ளும். பொய் எழுதினால் நீதிமன்ற அவமதிப்பு வழக்கு வரலாம், அதனால் உண்மை எதுவோ அதையே குறியுங்கள்.

வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள் வண்டிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான டி.வி.எல்.ஏ.வில் லாக்புக் (பதிவுச் சான்று) முகவரியை உடனே மாற்றுங்கள். நோட்டீஸ் டு ஓனர் அந்த முகவரிக்குத்தான் போகும், பழைய வீட்டு வாசலில் கிடந்தால் உங்களுக்கு எதுவுமே தெரியாது. சூப்பர் மார்க்கெட் வளாகம் மாதிரி தனியார் இடத்தில் கம்பெனிகள் ஒட்டும் டிக்கெட்டும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், ஆனால் அது அபராதம் இல்லை, அதற்கு இந்த 56 நாள் விதியும் பொருந்தாது. டிக்கெட் கையில் கிடைத்ததும் மேலே கவுன்சில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.